அப்பா வேல் என்றால் பரவாயில்லை

1

தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மஞ்சள் வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. கோயிலில் கொடுத்த பஞ்சாமிர்தம் ஃபிரிட்ஜின் மூலையில் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது. என் மாமனாரின் வெள்ளி வேல் மட்டும் பூஜை அலமாரியில் வெளியிலேயே கிடக்கிறது. வழக்கமாகத் திருவிழா முடிந்த அன்றே அதைத் துடைத்து, சிவப்புத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவோம். இந்த வருஷம் என் வீட்டுக்காரரும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை.

இந்தக் குறிப்புகளைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தேவகோட்டையில் பிறந்தவள். மதுரையில் நர்ஸ் படிப்பு. தனபாலன் என்கிற மலேசியத் தமிழரைக் கட்டிக்கொண்டு ஜொகூர் மாநிலத்துக் கூலாய்க்கு வந்தேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் தொழிற்சாலைகள். அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் வேலை. போன தடவை இங்குள்ள மழையைப் பற்றி எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "எல்லாம் சௌக்கியம்னு தெரியுது" என்று போனில் சொன்னாள். எல்லாம் சௌக்கியம் இல்லை அக்கா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது என் கொழுந்தனைப் பற்றியது. அவரும் அவர் மனைவியும் முதலில் படித்து, "போடுங்க அண்ணி, பேர மட்டும் மாத்திடுங்க" என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த வேல். இங்கே காவடி எடுக்கிறவர்களில் பலர் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொள்வார்கள். என் மாமனார் லாபிஸ் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இரண்டு மகன்கள் பிறந்த சந்தோஷத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளி வேல் ஒன்று செய்து வைத்தார். அந்த வீட்டு வழக்கம் என்னவென்றால், ஒரே வேல், ஒரே காலை. மூத்தவர் குத்திக்கொண்டு நடந்து போய்க் காவடியை இறக்குவார். வேலை உருவி, எலுமிச்சம்பழத்தால் தேய்த்து, திருநீறு போட்டுத் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து இளையவருக்குக் குத்துவார்கள். அண்ணன் தம்பி ஒற்றுமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்பார்கள். இந்த வழக்கம் இங்கே எத்தனையோ வீடுகளில் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில்தான் இதை முதல் தடவை பார்த்தேன். "ஏங்க, வெந்நீரிலாவது கொதிக்க வைக்கலாமே" என்றேன். "சாமி வேல மல்லி, முட்டையா வேக வெக்க?" என்று சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை. நல்ல காலம், இளையவர் சேகர் அதற்கப்புறம் ரொம்ப வருஷம் காவடியே எடுக்கவில்லை.

2

சேகர்தான் என் கொழுந்தன். இளம் வயதில் ஊசி போட்டு போதைக்குள் போனவர். தோட்டத்தை விட்டு வெளியேறி, கையில் வேலையும் இல்லாமல் நின்ற பையன்களுக்கு அந்தக் காலத்தில் அது ரொம்பச் சுலபமாகக் கிடைத்தது. வீட்டில் அவரைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பிறகு அரசாங்கக் கிளினிக்கில், போதை ஊசியை விட வைக்கிற மெத்தடோன் மருந்து குடிக்க ஆரம்பித்து, மெல்ல மெல்ல மனுஷனாகித் திரும்பி வந்தார். லோரி ஓட்டினார். வாணி என்கிற பெண்ணைப் பார்த்து முடிவானபோது, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, நான் ஒரு டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்டார்.

அவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. சட்டமும் கேட்கவில்லை, கோயிலும் கேட்கவில்லை. அவராகக் கேட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எச்.ஐ.வி. இருந்தது.

வாணியிடம் அவரே சொன்னார். அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, மருந்து எப்படி வேலை செய்யும், பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "பொய் சொல்லி கட்டிக்கிறவங்களவிட இவரு எவ்வளவோ தேவல அக்கா" என்றாள். கல்யாணம் நடந்தது. சேகர் ஒரு வேளை மருந்துகூடத் தவறியதில்லை. அவர் ரத்தத்தில் கிருமி இப்போது சோதனையில் அளவிட முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது. வாணிக்குத் தொற்றவில்லை. மகள் கவ்யா சுத்தமாகப் பிறந்தாள்.

அந்தக் குழந்தைக்காக வைத்த வேண்டுதல்தான் அலகுக் காவடி, மூன்று வருஷம். முதல் இரண்டு வருஷமும் தூரத்துக் கோயில்களில், யாருக்கும் தெரியாத கூட்டத்துக்குள் போய் எடுத்தார். சொந்தமாகப் புது வேல் வாங்கிக்கொள்வார். நான் அதைக் கிளினிக்கில் நீராவியில் வைத்து, உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுப்பேன். காவடி இறக்கியதும் அதை வாங்கி, ஊசிகளை எறிகிற பெட்டியில் போட்டுவிடுவேன்.

இந்த விஷயம் வீட்டில் எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. சேகர் வேண்டாம் என்றார். தம்பியைப் போதைக் காலத்தில் அடித்து வெளியே தள்ளியவர் அண்ணன். திரும்பச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். "இன்னொரு தடவ அவர் மூஞ்சி மாறுறத என்னால பாக்க முடியாது அண்ணி" என்றார். நர்சாக நான் கற்ற முதல் பாடமே அடுத்தவர் விஷயத்தை வெளியில் சொல்லாதே என்பதுதான். கட்டின புருஷனிடம் அதைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் தம்பியிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "கடைசி வருஷம் நம்ம கோயில்லதான். அப்பா வேல்தான். எனக்கு அப்புறம் நீ."

3

இந்த நாட்டில் இந்த நோய்க்கு எதிரான கொள்கை என்று ஒன்றைத் தனியாகப் பார்க்க முடியாது. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு வாசல் இருக்கிறது, கொள்கை அந்தந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். எங்கள் கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் ஃபரீடா மலாய்ப் பெண். நிக்காவுக்கு முன்னால் எச்.ஐ.வி. சோதனை அவர்களுக்குக் கட்டாயம். அவளும் எடுத்தாள், அவள் தங்கையும் எடுத்தாள். "ஐ.சி. அடையாள அட்டை எடுத்துட்டு வர மாதிரிதான் காக்கா, யாருக்கும் வெக்கம் இல்ல" என்பாள். என்னை அக்கா என்பதற்குப் பதில் காக்கா என்பாள். வந்த புதிதில் எனக்குக் கோபம் வரும். மலாயில் காக்கா என்றால் அக்காதான் என்று பிறகு தெரிந்தது. மற்ற மதத்தார் விருப்பப்பட்டால் எடுக்கலாம். விருப்பப்பட்டு யார் எடுப்பார்கள்? பையன் வீட்டாரிடம் ஜாதகம் கேட்கிற வாய் ரத்தத்தைக் கேட்காது.

ஊசி விஷயம் வேறு கதை. போதை ஊசி போடுகிறவர்களுக்குச் சுத்தமான ஊசியையும் மெத்தடோனையும் அரசாங்கமே கொடுக்க ஆரம்பித்தபோது, பாவத்துக்குத் துணை போவதா என்று எதிர்ப்பு வந்தது. ஃபரீடாவின் கணவர் பள்ளிக்கூடத்தில் சமயம் சொல்லித் தருகிறவர். ஒரு நாள் அவரிடம் கேட்டேன். உயிர் போகிற இடத்தில், விலக்கப்பட்டதும் அளவோடு அனுமதிக்கப்படும் என்று அவர்கள் மார்க்கத்திலேயே வழி இருக்கிறது, பெரியவர்கள் அதைத் தேடி எடுத்தார்கள் என்றார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் எடுத்தார்கள். சேகர் உயிரோடு இருப்பதில் அந்த வாக்கியத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் அக்கரையிலிருந்து கூலிக்கு வருகிறவர்களுக்கு இருக்கும் வாசல் மிகச் சின்னது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. எச்.ஐ.வி. இருந்தால் வேலை அனுமதி போய்விடும், ஊருக்குப் போக வேண்டியதுதான். பரமக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், உணவுக்கடையில் ரொட்டி வீசுகிறவர், முடிவைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அக்கா, சீக்கிரம் திரும்பி வந்ததுக்கு வீட்ல என்ன காரணம் சொல்றது?" அவருக்கு மருந்து வேண்டும் என்று யாரும் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் இந்தப் பக்கம் தடுப்பு வேலை முடிந்தது.

4

தைப்பூசத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு, வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. எங்கேயோ ஒரு கோயிலில் எய்ட்ஸ் உள்ள ஒருவன் அலகு குத்தினான், அதே வேலை இன்னொருத்தருக்குக் குத்திவிட்டார்கள் என்று ஒரு குரல் அழாக்குறையாகப் பேசியது. எங்கே, யார் என்று எதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் கோயில் நிர்வாகக் குழு அவசரக் கூட்டம் போட்டது. மருத்துவக் கூடாரத்தைக் கவனிக்கிறவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

தலைவர் நடராஜா ஐயா இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. வெள்ளம் வந்தால் முதல் ஆளாகச் சோறு ஆக்கிப் போடுவார். "இனிமே அலகு குத்துறவங்க எல்லாரும் எச்.ஐ.வி. டெஸ்ட் ரிசல்ட் காட்டணும். முஸ்லிம்கள் கல்யாணத்துக்கே கேக்குறாங்க. நம்ம சாமி காரியத்துக்கு நாம கேக்க வேணாமா? நாம என்ன கொறஞ்சவங்களா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

எனக்கு அப்போது பழனி ஞாபகம் வந்தது. நான் மதுரையில் படித்த நாட்களில் தமிழ்நாட்டில் இந்த நோயைப் பற்றிப் பேசாத சுவர் கிடையாது. திருவிழா மேடையில் கரகம் ஆடுகிறவர்கள் ஆணுறையைப் பற்றிப் பாட்டுப் பாடினார்கள், கீழே உட்கார்ந்து எங்கள் பெரியம்மாக்கள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. நோய் வந்தவர்களை ஊருக்கு வெளியே வைத்த கதைகளும் அங்கேதான் நடந்தன. ஆனால் ஒரு காரியத்தை மட்டும் அழகாகச் செய்தார்கள். மொட்டை போடப் போனால், முடிக்காணிக்கைச் சீட்டோடு ஆளுக்குப் பாதி பிளேடு. அந்தப் பாதி உங்களுக்கு மட்டும். யாருக்கு என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். "ஐயா, ரத்தத்தக் கேக்காதீங்க, வேலப் பாருங்க. ஆளுக்கு ஒரு புது வேல், சுத்தம் பண்ணி, ஒட்டின உறையில. ஒருத்தர் வேல் இன்னொருத்தருக்குப் போகக் கூடாது. அப்படிச் செஞ்சா யாருக்கு என்ன இருந்தாலும் பயமில்ல. டெஸ்ட்ல இல்லன்னு வந்தாலும் புதுசா தொத்தினது சில வாரம் தெரியாது. மஞ்சக்காமாலைக் கிருமியும் ரத்தத்துல பரவும், அத நீங்க கேக்கவே இல்ல." பேச்சு வேகத்தில், "தடுக்கணும்னு நெனச்சா ஆணுறை பத்தின நோட்டீஸையும் கூடாரத்துல வெக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. துணைத்தலைவர் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அலமாக், கோயிலுக்குள்ள உக்காந்து என்ன பேச்சு இது சிஸ்டர்" என்றார்.

நடராஜா ஐயா நிதானமாகவே கேட்டார். "அது இந்தியா, இது ஜொகூர். ஆளுக்கு ஒரு வேல்னா, குடும்ப வேல் வெச்சிருக்கவங்க என்ன பண்றது? எங்க வீட்லயே என் மூணு பசங்களும் எங்கப்பா வேல்தான் போடுறாங்க. அத நிப்பாட்டச் சொல்றீங்களா?"

"கொறஞ்சது நடுவுல கொதிக்கவாவது வெக்கணும் ஐயா."

"குடும்பத்துக்குள்ள என்னம்மா நோய் வரப் போகுது."

கடைசியில் விதி இப்படி முடிந்தது. புது வேல், சொந்த வேல் கொண்டு வருகிறவர்கள் சோதனை முடிவைக் காட்ட வேண்டும், அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாது. குடும்ப வேல் என்றால் விலக்கு, அவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. குழுவில் இருக்கும் என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கினார்.

காரில் வரும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஊரிலேயே ஜாக்கிரதையான மனுஷன் தனி வேல் கொண்டு வந்தால் பிடிப்பார்கள். ரத்தம் பட்ட வேலை மூன்று பிள்ளைகளுக்குக் குத்தினால் வழி விடுவார்கள். ஒரு நோயைத் தடுக்கிற விதியை இதைவிடத் தலைகீழாக எழுத முடியாது.

5

சேகருக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. அண்ணனுக்குக் குத்திய வேலைத் தானும் குத்திக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தனி வேல் கொண்டு போனால் முடிவு கேட்பார்கள். கிருமி அடங்கினாலும் அந்தச் சோதனை அவருக்கு நோய் இருக்கிறது என்றுதான் சொல்லும். அந்தக் காகிதம் குழுவின் கைக்குப் போனால் கூலாயில் ஒரு டீக்கடை பாக்கியிருக்காது. மூன்றாவது வழி, அலகே வேண்டாம் என்று விடுவது.

"அண்ணன் வேல நான் தொட மாட்டேன் அண்ணி" என்றார் போனில். "அவருக்கு அப்புறம்தானே உங்களுக்கு, உங்களால அவருக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வேல் அன்றைக்கு அவரோடு முடிகிறதா, அடுத்த வருஷம் யார் வாய்க்குப் போகும் என்று எனக்கே நிச்சயம் இல்லை. அவருக்கும் அது தெரியும். "நான் இருந்த எடத்துல ஒரே ஊசிய நாலு பேர் போட்டோம். அதுலதான் வந்துச்சு. மறுபடியும் ஒரே ஊசியா?" என்றார்.

பால்குடம் எடுப்பதாக முடிவு செய்தார். அதற்கு ஊசியும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். ஆனால் வேண்டுதல் அலகுக்குத்தான் வைத்தது. "பால்குடம் என் கணக்குல சேராது. முருகன் சேத்துக்குவாரான்னு தெரியல" என்றார்.

அண்ணனிடம் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு வருஷம் எங்கயோ போயி எடுத்த. இப்ப அப்பா வேலும் வேணாம்ங்கற. நான் போட்ட வேல் உனக்கு அசிங்கமா இருக்கா? அன்னிக்கு அடிச்சத இன்னும் மனசுல வெச்சிருக்கியா?"

"அப்படி இல்லண்ணே."

"அப்ப என்ன?"

சேகர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். நான் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டு நின்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இரண்டு பேர் பக்கமும் பேச முடியாமல் நிற்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. அதற்குப் பிறகு திருவிழா வரை அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

எங்கள் மகன் ஹரீஷ் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வாரம் முழுக்க அங்கே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்கு. தமிழ் அவனுக்குச் சாப்பிடவும் கோபப்படவும் மட்டும்தான். அவன் இந்த வருஷம் பால்குடம் எடுக்கிறேன் என்று விரதம் இருந்தான். அங்கே கேண்டீனில் சைவம் தேடி அலைந்த கதையை அவன் சொல்லச் சொல்ல, பிள்ளை எங்கேயும் போய்விடவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தச் சந்தோஷம் அரை நாள் நிலைத்தது. திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் அப்பா சொன்னார். "உன் சித்தப்பன் விட்ட எடத்துல நீ நில்லு. எனக்கு அப்புறம் நீ போடு. அப்பா வேலுக்கு ஒரு ஆளு வேணும்."

"ஓகே பா, போலே" என்று மலாயில் சம்மதித்தான் ஹரீஷ், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். கொதிக்க வைக்க வேண்டும் என்றேன். தகப்பனும் மகனும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள்.

6

பிரதான சாலையோரத்துப் பிள்ளையார் கோயிலில்தான் அலகு குத்துவார்கள். அங்கிருந்து முருகன் கோயிலுக்கு ஊர்வலம். என் வீட்டுக்காரர் முதல் சுற்றில் போய்க் காவடியை இறக்கிவிட்டு, நண்பரின் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார். கன்னத்தில் திருநீறு அப்பியிருந்தது. கையில் வேல், துடைத்து, பளபளவென்று. உறுமி மேளம் காதைப் பிளந்தது. ஹரீஷ் மாலையும் மஞ்சள் வேட்டியுமாக நின்றான். கொஞ்சம் தள்ளி சேகர் தலையில் பால்குடத்தோடு, பக்கத்தில் வாணியும் கவ்யாவும்.

அலகு குத்துகிறவர் வேலை வாங்கக் கை நீட்டினார். நான் நடுவில் போய் நின்றுவிட்டேன். நான் ஏதும் திட்டம் போட்டுப் போகவில்லை. சேகர் கடைசி நிமிஷத்தில் மனசு மாறினால் ஆகட்டும் என்று, அவருக்காக ஒட்டி வைத்திருந்த புது வேல் என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். "இவனுக்கு இதப் போடுங்க."

மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் குமார் ஓடி வந்தார். லோரிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், எங்கள் கிளினிக்குக்குச் சர்க்கரை பார்க்க வருகிறவர். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "அக்கா, புதுசுன்னா ரிசல்ட் வேணும். அப்பா வேல்னா பரவால்ல, போலாம்."

"இது யாருக்கும் போடாத வேல் குமார். அது இப்பதான் ஒருத்தர் வாயிலேருந்து எடுத்தது."

"தெரியும்கா. ரூல் அப்படி."

"என்ன மல்லி இது, நாலு பேர் முன்னாடி? என் புள்ளைக்கு என் வேல் ஆகாதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆகாது. அதுல ரத்தம் இருக்கு."

"என் ரத்தம்தானே?"

"ஆமா, உங்க ரத்தம்தான். யாரு ரத்தமும் இன்னொருத்தருக்கு வேணாம்."

"மா, எல்லாரும் பாக்குறாங்க லா" என்று ஹரீஷ் பல்லைக் கடித்தான். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். "இது எங்கேருந்து வந்துச்சு? இவன் அலகு போடுறான்னு நேத்து சாயங்காலம்தானே முடிவாச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் சேகர் முன்னால் வந்தார். குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அது எனக்கு வாங்குனதுண்ணே. ஹரீஷுக்குக் குடுங்க" என்றார்.

"உனக்கா? புது வேல் வெச்சிக்கிட்டா நீ பால்குடம் தூக்குற?"

என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். குமாரைப் பார்த்தார். "ரிசல்ட் கேட்டதாலயா?" என்றார், எனக்கும் சேகருக்கும் மட்டும் கேட்கிற குரலில். சேகர் தலையை ஆட்டவும் முடியாமல் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாணி குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் வேலைத் துண்டில் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "ஹரீஷ், ஒரு பால்குடம் எடு. சித்தப்பாகூட நட" என்றார். அவன் தகப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டான். இரண்டு பேரும் நடந்தார்கள். பின்னால், நடராஜா ஐயாவின் இரண்டாவது மகனுக்கு அவர்கள் குடும்ப வேலைக் குத்த, கூட்டம் அரோகரா போட்டது.

அன்று சாயங்காலம் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "எனக்கு மட்டும்தான் தெரியாதா?" ஆமாம் என்றேன். கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

7

இதுவரை எழுதி, அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவர் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு தம்பி குடியிருக்கிற லாபிஸுக்குப் போனார், தனியாக. மதியச் சோறு தம்பி வீட்டில். திரும்பி வந்தபோது சட்டைப் பையில் கவ்யா வரைந்த ஒரு மயில் இருந்தது. என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. வாணி போனில் சொன்னாள். "பெருசா ஒண்ணும் பேசலக்கா. சாப்பிட்டு முடிச்சிட்டு, மாமா, இவரு தட்டுல மிச்சம் இருந்த மீன எடுத்து தன் வாயில போட்டுக்கிட்டாரு. இவரு எந்திரிச்சி பாத்ரூமுக்குப் போயிட்டாரு, ரொம்ப நேரம் வரல."

சாயங்காலம் அவர் பூஜை அலமாரிக்குப் போனார். வேலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இத உன் கிளினிக்ல அவிச்சி, அந்த உறையில போட்டு ஒட்டித் தர முடியுமா?"

"முடியும். எதுக்குங்க, அடுத்த தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கெடக்கே?"

"அடுத்த வருஷம் சேகர் போடட்டும். அவன் வேண்டுதல் ஒண்ணு நிக்குதாம்."

"உங்களுக்கு அப்புறமா?"

"நான் போடல. அவன் மட்டும். நானும் ஹரீஷும் பால்குடம்." வேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பா வேல்னா ரிசல்ட் கேக்க மாட்டாங்கல்ல?"

கேட்க மாட்டார்கள். அந்த விதியில் சேகருக்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டது. அப்பா வேல் இல்லாத சேகர்களுக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. வருகிற பொதுக்கூட்டத்தில் மறுபடி கேட்பேன், மறுபடி மின்விசிறிச் சத்தத்தைக் கேட்பேன், அதுவும் தெரியும். இந்தத் தடவை என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கை உயராமல் இருக்கும், அது ஒன்றுதான் கூடியிருக்கிறது.

இன்று காலை வேலைக் கிளினிக்குக்குக் கொண்டு வந்தேன். நீராவிப் பெட்டிக்குள் வைக்கும்போது ஃபரீடா எட்டிப் பார்த்து, யாருடையது என்று கேட்டாள். இத்தனை வருஷமும் மாமனாருடையது என்றுதான் சொல்லியிருப்பேன். என் கொழுந்தனுடையது என்றேன்.